ஊரைச் சொன்னால் பழத்தைச் சொல்லும் சவரி

கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு பழத்தின் பெயரால் குழப்பம் வந்தது.

மத்தியானச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கிய சோறு, மேலே தாராளமாக நெய், தொட்டுக்கொள்ளப் பொரித்த அப்பளம். விமானத்தில் கொடுத்த காய்ந்த ரொட்டிக்குப் பிறகு அது அமிர்தமாக இருந்தது. வீட்டுக்காரர் வேலுச்சாமி தென்னந்தோப்பும் நிலக்கடலைக் காடும் வைத்திருக்கும் விவசாயி. நாளைக்கு எந்தப் பக்கம் பயணம் என்று விசாரித்தார். கம்பம் போய், அங்கிருந்து மலையேறிக் கம்பம்மெட்டுக்குப் போகிறோம், வழியில் முந்திரிகைத் தோட்டங்களையும் பார்க்க ஆசை என்றேன்.

"ஏனுங்க, கம்பத்துல ஏதுங்க முந்திரி? அதெல்லாம் பண்ருட்டிப் பக்கமில்லீங்களா?" என்றார்.

அவருடைய மனைவி உள்ளே போய், ஒரு தட்டு நிறைய வறுத்த முந்திரிப்பருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டான் அல்லவா.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு முந்திரிகை என்றால் கொடியில் குலைகுலையாகத் தொங்கும் பழம். இங்கே அதற்குத் திராட்சை என்று பெயர் என்பது எனக்குத் தெரியாததல்ல. நாக்குத்தான் பழைய பழக்கத்தில் போய்விட்டது. என்னை அழைத்துப்போக வந்திருந்த பிரின்சி சிரித்தபடி நடுவில் புகுந்து, மலையாளத்திலும் முந்திரி என்றால் திராட்சைதானே, மாமா சொன்னதில் பிழையில்லை என்றாள். வேலுச்சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனால் அது பழம், ஊட்டுக்கு வந்தால் பருப்பு என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாக வாழ்கிறவர்களுக்கு இந்த மாதிரித் தீர்ப்புகள் சுலபமாக வருகின்றன. நான் முந்திரிப்பருப்பு முழுவதையும் சாப்பிட்டேன்.

பிரின்சி கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வேலுச்சாமி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் என் நண்பன் சவரிமுத்துவின் மகள். அவனைப் பார்க்கத்தான் நான் பாரிசிலிருந்து வந்திருந்தேன்.

பாரிசில் என் வேலை உணவகத்தில் வைன் பரிமாறுவது. விருந்தாளி என்ன சாப்பிடப் போகிறார் என்று கேட்டு, அதற்குப் பொருத்தமான போத்தலை எடுத்துவந்து, எந்த ஊர், என்ன பழம் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்பதற்கு அழகான வேலை. ஆனால் நான் தொடங்கியது கோப்பை கழுவுவதில். அடுத்த தொட்டியில் கை நனைத்துக்கொண்டு நின்றவன் சவரி. கடவுச்சீட்டில் சவரிமுத்து, சமையலறையில் சேவியர், எனக்குச் சவரி. ஸ்பெயினில் டெம்ப்ரானியோ என்றொரு கறுப்புத் திராட்சை உண்டு. அந்த நாட்டிலேயே இன்னொரு பக்கம் போனால் அதற்குச் சென்சிபெல் என்று பெயர், எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்குள் நுழைந்தால் டின்டா ரோரிஸ். அதைப் படித்த நாளில் சவரி, இந்தப் பழம் நம்ம சாதி என்றான்.

வைன் தேர்வில் தேறினால் மேசைப் பக்கம் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு உணவகத்தை மூடினால் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம். பிரெஞ்சுக்காரர்கள் போத்தலில் பெரும்பாலும் ஊர்ப் பெயரை மட்டும் போடுவார்கள். உள்ளே இருப்பது என்ன பழம் என்பதைப் பரிமாறுகிறவன்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் விளையாட்டு இதுதான்: ஒருவன் ஊரைச் சொல்வான், மற்றவன் பழத்தைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் கேட்டவன் 'சரி' என்பான், உடனே அடுத்த ஊர்.

எனக்குப் பிரெஞ்சு வரும், ஞாபகசக்தி வராது. சவரிக்கு நேர்மாறு. கபர்னே சோவின்யோன் என்ற பெயர்பெற்ற கறுப்புத் திராட்சை, கறுப்பு அப்பாவுக்கும் வெள்ளை அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை என்று அவன் குடும்பக் கதை போலச் சொல்லிக்கொடுத்தான். சிலி நாட்டில் நெடுங்காலம் மெர்லோ என்று நம்பி வளர்த்த கொடிகளில் பாதி வேறு பழம் என்று பிறகு தெரியவந்ததை, ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போன கதையாகச் சொன்னான். நான் தேறியது அவனால்தான். இருவரும் தேறினோம், ஆனால் அவனுக்கு அங்கே தங்கும் அனுமதி நீட்டிக்கப்படவில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டான். நான் மேசைப் பக்கம் போனேன்.

தொடக்கத்தில் வாரம் ஒருமுறை பேசினோம். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து. கடைசி மூன்று வருடம் அதுவும் இல்லை. அதில் பிழை முழுக்க என்னுடையது. இந்த நிலையில் ஒருநாள் பிரின்சியிடமிருந்து செய்தி வந்தது: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது கை வரவில்லை, பேச்சும் போய்விட்டது, உங்கள் படத்தைக் காட்டினால் உற்றுப் பார்க்கிறார்.

இரண்டாம் நாள் விடியுமுன்பே புறப்பட்டோம். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போகத் தமிழ்நாடு முழுக்கக் குறுக்கே போகிற மாதிரி ஒரு பயணம். பேருந்து மாறி மாறி, பழனியில் இட்லி, தேனியில் தேநீர். கம்பத்தை நெருங்கியபோது சாலையின் இரண்டு பக்கமும் கல்தூண்கள் நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் பந்தலாகப் படரவிட்ட திராட்சைக் கொடிகள். பிரான்சில் கொடிகள் இடுப்பளவு உயரத்தில் வரிசையாக நிற்கும், குனிந்துதான் பறிக்க வேண்டும். இங்கே ஆட்கள் நிழலில் நின்று கையை மேலே நீட்டிப் பறிக்கிறார்கள். அங்கே வருடத்துக்கு ஒரு அறுவடை. இங்கே இரண்டு, மூன்று கூட வருமாம். குளிர்காலத்தில் தூங்க வேண்டிய கொடிக்கு இந்தப் பள்ளத்தாக்கில் தூங்கவே நேரம் கிடைக்கவில்லை.

கம்பத்திலிருந்து மலையேறிய பேருந்து, மூன்றாவது கொண்டையூசி வளைவில் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். அது கேட்கவில்லை. பயணிகள் யாரும் கோபப்படவில்லை, ஆளுக்கொரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். பாரிசில் சுரங்க ரயில் பத்து நிமிடம் நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் கீழேயிருந்து ஒரு குட்டியானை வந்தது. சின்னச் சரக்கு வண்டிக்கு இங்கே அந்தப் பெயர். கட்டப்பனைச் சந்தைக்குத் திராட்சைப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டு போகிறது. ஓட்டுநர் சாஜி எங்களைப் பார்த்து நிறுத்தினார். பிரின்சியை முன்னால் உட்காரவைத்தார், நான் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே. வாழ்நாளில் பாதியை வைனோடு கழித்தவன், முதல்முறையாகத் திராட்சைக்குள் உட்கார்ந்து பயணம் செய்தேன்.

கம்பம்மெட்டில் இறங்கியதும் சாஜி பாலில்லாத கட்டன் சாயா வாங்கித் தந்தார். என் வேலையைக் கேட்டுவிட்டு, அவருடைய அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பரணி என்னும் ஜாடியில் முந்திரியும் சர்க்கரையும் போட்டு வைன் செய்வதைச் சொன்னார். இந்த முந்திரி பாரிசில் கிடைக்குமா என்று மலையாளத்தில் கேட்டார். முந்திரி என்ற சொல் அவர் வாயில் பழமாகவே வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கிடைக்கும் என்றேன். இவர்கள் பன்னீர் திராட்சை என்று சொல்வதைத்தான் அங்கே ஹாம்பர்க் மஸ்கட் என்கிறார்கள். எகிப்திய ஊர் ஒன்றின் பெயர் கொண்ட ஒரு வெள்ளைத் திராட்சைக்கும் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துக் கறுப்புத் திராட்சைக்கும் பிறந்தது. பெயர் ஜெர்மன் ஊருடையது, கம்பத்துக்குக் கொண்டுவந்தது ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். சாஜி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, எங்கே பிறந்தாலென்ன, இப்போது கட்டப்பனையில் நல்ல விலை போகிறது என்றார். ஒரு பெரிய குலையை எடுத்துப் பிரின்சி கையில் வைத்துவிட்டுப் போனார். அவரை மறுபடி பார்க்கப்போவதில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சவரியின் வீடு ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. நாங்கள் போனபோது முற்றத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி உடம்பு இளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அது... அது..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் நீர் வந்தது.

மூன்றாம் நாள் முழுவதும் நான்தான் பேசினேன். பழைய முதலாளி உணவகத்தை விற்றுவிட்டதை, கால்வாய்க் கரையில் எங்கள் பெஞ்சைப் பெயர்த்துவிட்டதை, என் மகன் கணக்கில் வாங்கிய முட்டையை. கொஞ்ச நேரம் கேட்பான், பிறகு முகத்தைத் திருப்பி ஏலச்செடிகளைப் பார்ப்பான். அவனுக்கு விளங்குகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. மத்தியானம் அவன் மனைவி பாக்கியம் கப்பை வேகவைத்து, புளி போட்ட மீன் குழம்பு வைத்தாள். யாழ்ப்பாணத்தில் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுவதும் இதே மாதிரிதான். தேங்காய் எண்ணெயின் மணம் ஒன்றுதான் வித்தியாசம். சவரி இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். பாதி சிந்தியது. பாக்கியம் துடைத்தாள், அவன் அவளைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏலக்காய் காயப்போட்ட சாக்கை மடித்துக்கொண்டே பாக்கியம் சொன்னாள்:

"எம் பேரக்கூடச் சொல்ல வரலண்ணே. வாயத் தொறக்காக, 'அது'ன்னுதான் வருது. பெறவு வெக்கப்பட்டுத் திரும்பிக்கிடுதாக. இருபத்தாறு வருசமா அந்தப் பேரத்தானே கூப்புட்டாக."

கட்டப்பனையில் பேச்சுப் பயிற்சிக்கு நான்கு மாதம் போனதாகவும், கோயிலில் எல்லோரும் செபம் சொல்லும்போது அவன் வாயும் கூடவே அசைவதாகவும், சில வரிகளில் சத்தம்கூட வருவதாகவும், வெளியே வந்தால் மறுபடி 'அது'தான் என்றும் பிரின்சி சொன்னாள். மனப்பாடமாகப் பதிந்தவை முதலில் வரலாம் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாளாம். அவன் பயிற்சிக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான்.

நான்காம் நாள் காலை. புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டு முடித்து இருவரும் முற்றத்தில் இருந்தோம். எனக்குச் சொல்வதற்குக் கதை தீர்ந்துபோயிருந்தது. கடைசியாக ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் ஒரு கனவான் சான்ஸேர் வேண்டும் என்றார். அந்த ஊரில் வெள்ளை வைனுக்குத்தான் பெயர், ஆனால் சிவப்பும் கொஞ்சம் செய்வார்கள். அவர் சிவப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை. வெள்ளையைக் கொண்டுபோய் ஊற்றியதும் சத்தம் போட்டார். அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே சவரிக்குச் சொல்லிக்காட்டினேன். "ஐயா, சான்ஸேர் என்று மட்டும் சொன்னால்..." என்று இழுத்து, பழைய பழக்கத்தில் குரலை உயர்த்தி நிறுத்தினேன். "சான்ஸேர்?"

"சோவின்யோன் ப்ளான்" என்றான் சவரி.

தெளிவாக, குளறாமல், ஏழு மாதத்துக்கு முந்தைய குரலில். அவனே திடுக்கிட்டுவிட்டான். இடது கையால் வாயைத் தொட்டுப் பார்த்தான்.

பயந்து பயந்து அடுத்ததைக் கேட்டேன். "பரோலோ?"

"நெபியோலோ."

ரியோஹா கேட்டேன், டெம்ப்ரானியோ என்றான். மென்டோசா கேட்டேன், மால்பெக் என்றான். போஜொலே என்றதும் "பினோ" என்று தொடங்கினான். உடனே தலையை ஆட்டினான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தான். நான் அடுத்ததற்குப் போகலாமா என்று நினைத்தபோது "காமே" என்றான். அதுதான் சரி. நேற்று எனக்கிருந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. வாய் தானாகச் சொல்லவில்லை. உள்ளே ஒருவன் உட்கார்ந்து தேடுகிறான், தப்பை எடுத்து எறிந்துவிட்டுச் சரியானதைக் கொண்டுவருகிறான்.

பாக்கியம் வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் என்ன சொல்கிறார், எந்தப் பாஷை என்று கேட்டாள். ஊரைச் சொன்னால் அந்த ஊரில் விளைகிற பழத்தைச் சொல்கிறான் என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நான் எனக்குத் தெரிந்த ஊரையெல்லாம் கேட்டேன். பாதிக்குமேல் சொன்னான். சிலவற்றில் 'அது' என்று நின்றுவிட்டான். களைத்துப்போய்த் தலையைச் சாய்த்தபோது அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பிறகு தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முயன்றான். வரவில்லை. செம்பைக் கையால் காட்டினான்.

எதையும் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. திராட்சைப் பெயர் சொன்னவனுக்குத் தண்ணீர் என்ற சொல் வரவில்லை என்பதும் அன்று நடந்ததுதான்.

ஐந்தாம் நாள் பாக்கியம் ஏலக்காய்க் களத்துக்குப் போகவில்லை. குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டிக்கொண்டு வந்து சவரிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நேற்று முழுக்க நான் கேட்ட விதத்தைக் கவனித்திருக்கிறாள் போலும். அதே மாதிரி குரலை உயர்த்தி நிறுத்தினாள்.

"கம்பம்?"

சவரி அவளைப் பார்த்தான். "பன்னீர்" என்றான்.

"மறையூர்?"

"சர்க்கரை."

"வட்டவடை?"

"பூண்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. பிரான்சையும் இத்தாலியையும் விட்டுவிட்டு அவள் அவனைச் சொந்த ஊர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறையூருக்கு இங்கே சர்க்கரை என்று சொல்கிற வெல்லம், வட்டவடைக்குப் பூண்டு என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மூணாறு கேட்டாள், தேயிலை என்றான். வண்டன்மேடு கேட்டாள், ஏலம் என்றான். பிரின்சி கதவோரத்தில் நின்று கைபேசியில் படம் எடுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

பாக்கியம் சேலை நுனியைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாம்பாடும்பாறை?"

அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில்தான் அவள் பிறந்தாள் என்று பிரின்சி பிறகு சொன்னாள். சவரி பெண் பார்க்கப் போனதும் அங்கேதான்.

"ஏலம்" என்றான் சவரி.

அதுவும் சரிதான். அங்கே விளைவது ஏலம்தான். பாக்கியம் தலையாட்டினாள், சிரித்தாள், எழுந்து உள்ளே போக முக்காலியைத் தள்ளினாள். சவரியின் இடது கை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. அவன் தலையை வேகமாக ஆட்டினான், போஜொலேக்கு ஆட்டிய மாதிரியே. வாய் திறந்தது, மூடியது. 'அது' என்று வந்தது. மறுபடி தலையாட்டினான். கண்ணை மூடினான்.

"பாக்கியம்" என்றான்.

அவள் அந்த முக்காலியிலேயே மறுபடி உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் பிரின்சியும் தோட்டத்துக்குள் நடந்து போனோம். வெகுதூரம் போய்விட்டோம், திரும்பிவர வழி தெரியாமல் ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கேட்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தேன். சவரி பெரிதாக முன்னேறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். பாக்கியம் என்ற பெயர் நான்கு தடவை கேட்டால் ஒரு தடவை வந்தது. ஆனால் கட்டப்பனைக்குப் பயிற்சிக்குப் போகலாமா என்று பிரின்சி கேட்டபோது, இந்த முறை அவன் வேண்டாம் என்று தலையாட்டவில்லை. புறப்படும் நாளில் என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் எந்த ஊரையும் கேட்கவில்லை. பாக்கியம் ஒரு பொட்டலம் ஏலக்காயை என் பைக்குள் திணித்தாள். என்னைத் தேர்வில் தேறவைத்ததற்குச் சொல்ல வந்த நன்றியை வாய்திறந்து சொல்லாமலே வந்துவிட்டேன். அது அவனுக்குத் தெரியும் என்று இப்போது நம்புகிறேன்.

பாரிசுக்குத் திரும்பி மூன்று வாரம் இருக்கும். காலை பதினொரு மணி, உணவகம் இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் எடுத்தேன்.

அவுக பேசணும்ங்காக, காலையிலேருந்து போனைக் காட்டிக்காட்டிக் கேக்காக என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அவனிடம் கொடுத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. சேவல் ஒன்று கூவியது. நான் முந்திக்கொண்டு பேசாமல் காத்திருந்தேன்.

"வூவ்ரே?" என்றான் சவரி.

இதுவரை அவன் பதில்தான் சொன்னான். இப்போது அவனாகவே ஒரு சொல்லைத் தேடி எடுத்து, என்னிடம் கேட்கிறான். வூவ்ரே என்ன பழம் என்று தினமும் யாராவது ஒரு விருந்தாளிக்குச் சொல்கிறவன் நான். சொல்லப் போனேன், சொல் வரவில்லை. கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். அண்ணே, லைன்ல இருக்கீங்களா என்று பாக்கியத்தின் குரல் தூரத்தில் கேட்டது.

சவரி அவசரப்படவில்லை. மந்தமான மாணவனிடம் கேட்பதுபோல, இன்னும் நிதானமாக, மறுபடி கேட்டான்.

"வூவ்... ரே?"

"ஷெனான் ப்ளான்" என்றேன்.

"சரி" என்றான். பிறகு அடுத்த ஊரைக் கேட்டான்.